ஆடு மேய்த்த இடத்தில் குதிரைக்குக் கல் கட்டடம் எதற்கு?

மகள் வீட்டுக்கு மெல்போர்ன் வந்திருந்தபோது, மேற்கே ஒரு பழைய ஆட்டுப் பண்ணையைச் சுற்றிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். ரோமம் கத்தரிக்க மரக் கொட்டகை, வேலையாட்களுக்குத் தகரக் குடிசை, குதிரைகளுக்கு மட்டும் மாடி வைத்த கருங்கல் லாயம். ஆடு வளர்க்கிற இடத்தில் குதிரைக்கு ஏன் இவ்வளவு செலவு, கைதிகளை வைத்துக் கட்டினார்களா, சுவரில் இருக்கும் ஒடுக்கமான பிளவுகள் துப்பாக்கி நீட்டுவதற்கு என்று வழிகாட்டி சொன்னது உண்மையா என்று கேட்கிறீர்கள். போகிற போக்கில், சுவரின் அடிப்பகுதி மாவு மாதிரி உதிர்கிறதே, ஏன் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். என் தொழிலுக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம், அதற்குக் கடைசியில் வருகிறேன். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: அந்தக் கட்டடத்தை யாருக்காகக் கட்டினார்கள்?

நான் படித்தது சிவில் இன்ஜினியரிங். இருபது வருடத்துக்கு மேலாக விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் பழைய கல் கட்டடங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அதில் பண்ணைக் கட்டடங்கள்தான் அதிகம். நீங்கள் பார்த்த பண்ணையின் பெயரைக் குறிப்பிடவில்லை. அதனால் அந்த ஒரு கட்டடத்தைப் பற்றி அடித்துச் சொல்ல என்னால் முடியாது. அந்தக் காலத்து லாயங்களுக்குப் பொதுவானதைச் சொல்கிறேன். எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஆஸ்திரேலியாவில் இந்த மாதிரி பெரிய ஆட்டுப் பண்ணையை 'ஸ்டேஷன்' என்பார்கள். பல்லாயிரம் ஏக்கர் மேய்ச்சல் நிலமும் அதன் நடுவில் ஒரு சின்ன ஊர் அளவுக்குக் கட்டடங்களும் இருக்கும். இங்கே வெள்ளையர்கள் ரோமத்துக்குப் பேர்போன மெரினோ இன ஆடுகளைக் கொண்டுவந்து மேய்க்கத் தொடங்கிய காலத்தில் அந்த வேலைக்குக் குதிரை அவ்வளவாகத் தேவைப்படவில்லை. நம்மூர் கீதாரிகள் மாதிரியேதான். ஒரு ஆள் ஐந்நூறு, ஆயிரம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கால்நடையாகப் போவான், இரவில் தட்டிகளை நட்டுக் கிடை போடுவான், காவலுக்கு ஒருவன் குடிசையில் இருப்பான். விளைந்த ரோமத்தைத் துறைமுகத்துக்கு இழுத்தது மாட்டு வண்டிதான். 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் மேய்ப்பர்கள் கூட்டம் கூட்டமாகத் தங்கம் தோண்டப் போய்விட்டார்கள். ஆள் கிடைக்காத அந்த நெருக்கடியும், பிறகு மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய இரும்புக் கம்பியும் சேர்ந்து தொழிலையே மாற்றின. அடுத்த இருபது வருடங்களில் நிலம் முழுக்கக் கம்பி வேலி வந்தது. ஆடுகள் வேலிக்குள் தாமாகவே மேய்ந்தன. வேலி அறுந்திருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்க ஒருவன் போதும், ஆனால் அவனுக்குக் குதிரை வேண்டும். மைல் கணக்கில் ஓடும் வேலியை நடந்து பார்த்து முடிக்க முடியாது. ஆக, ஆட்டுப் பண்ணையில் குதிரை பெருகியதற்குக் கம்பி வேலி ஒரு பெரிய காரணம். இது உறுதியாகச் சொல்லக்கூடியது.

இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். 'ஓ, ஆடு ஓட்டக் குதிரை வேண்டும், அதனால் லாயம்' என்று. அப்படி இல்லை. வேலி சுற்றிய குதிரைகளும் ஆடு ஓட்டிய குதிரைகளும் பெரும்பாலும் கூரைக்குக் கீழே நின்றதே கிடையாது. வேலை முடிந்ததும் சேணத்தை இறக்கிவிட்டு அவற்றை வீட்டுக்குப் பக்கத்து மேய்ச்சல் வேலிக்குள் விட்டுவிடுவார்கள். மழையோ வெயிலோ அங்கேதான். ஒரே ஒரு குதிரையை மட்டும் இரவில் முற்றத்துப் பட்டியில் கட்டி வைப்பார்கள். 'ராக்குதிரை' என்ற அர்த்தத்தில்தான் அதற்கு இங்கே பெயர். விடியுமுன் அதன்மேல் ஏறிப் போய் மற்றக் குதிரைகளை ஓட்டி வருவார்கள். அதாவது, பண்ணையின் உண்மையான வேலையைச் செய்த குதிரைகளில் பெரும்பாலானவை நீங்கள் பார்த்த அந்தக் கல் லாயத்துக்கு வெளியே நின்றவை.

சரி, உள்ளே யார் நின்றது? முதலாளி குடும்பத்தின் கோச்சு வண்டிக் குதிரைகள், அவர்கள் ஏறிச் செல்லும் நல்ல குதிரைகள், பந்தயக் குதிரைகள், விலை உயர்ந்த பொலிகுதிரை, அப்புறம் விருந்தாளிகளின் குதிரைகள். உழவுக்கும் பாரவண்டிக்கும் வைத்திருந்த கிளைடெஸ்டேல் போன்ற கனத்த குதிரைகளுக்குச் சாதாரண மரக் கொட்டில் தனியாக இருந்த இடங்கள் உண்டு. ஏனென்றால் அவற்றுக்குத் தினமும் கையால் தீவனம் போட வேண்டும். ஆனால் அந்தக் கொட்டில்கள் மரம் என்பதால் பெரும்பாலும் மக்கிப் போய்விட்டன. லாயங்களில் இன்று நம் கண்ணில் படுவது பெரும்பாலும் கல்லில் கட்டியதுதான். அதனால் அந்தப் பண்ணை முழுக்கவே அப்படிப் பணக்காரத்தனமாக இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

அடுத்த முறை உள்ளே போனால் தரையிலிருந்து தொடங்குங்கள். குதிரை நின்ற இடத்தில் கல்லோ, குத்துவாக்கில் பதித்த செங்கல்லோ இருக்கும். அது லேசாகச் சரிந்து ஒரு வடிகாலில் போய் முடியும், மூத்திரம் தேங்கக் கூடாது என்பதற்காக. ஏறக்குறைய ஆறடி அகலத்தில் மூன்று பக்கம் மட்டும் தடுத்த பிரிவு என்றால் அங்கே குதிரையைச் சுவரைப் பார்க்கக் கட்டிப்போடுவார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில் கதவு வைத்த தனி அறை என்றால், உள்ளே குதிரை அவிழ்த்துவிட்டபடி திரும்பலாம், படுக்கலாம். தனி அறைகள் அதிகமாக இருந்தால் அங்கே பந்தயக் குதிரையோ இனப்பெருக்கமோ நடந்திருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்தில் சின்ன அறையில் கணப்பு அடுப்பு இருக்கிறதா பாருங்கள். ஆளுக்குக் குளிருமே என்று வைத்தது போலத் தெரியும், ஆனால் அது முதலில் தோலுக்காக. சேணமும் கடிவாளமும் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் சேண அறையில் அடுப்பு. மேலே பரணில் வைக்கோலும் உலர்புல்லும். ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ அளவுக்குக் காய்ந்த தீவனம் தின்னும். பத்துக் குதிரை என்றால் தினமும் நூறு கிலோ. மாடி எதற்கு என்று கேட்டிருந்தீர்களே, அந்தக் கணக்குதான் மாடி. தீவனத் தொட்டியின் விளிம்பையும் தடவிப் பாருங்கள். சும்மா கட்டிக் கிடக்கும் குதிரை மரத்தைக் கடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பல் தடம் நூறு வருடம் கழித்தும் வழவழப்பாகக் கையில் படும். எத்தனையோ லாயம் பார்த்தாயிற்று, இன்னும் எனக்கு மனசு பிசைகிற இடம் அதுதான்.

யாருக்காக என்ற கேள்விக்கு ஒரு நிஜ உதாரணம் சொல்கிறேன். ஜீலாங்குக்கு மேற்கே வின்செல்சியில் பார்வன் பார்க் என்ற பழைய பண்ணை மாளிகை இருக்கிறது. வதாவுரங் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அங்கே பெரிய ஆட்டுப் பண்ணை வைத்திருந்தவர் தாமஸ் ஆஸ்டின். 1859இல் இங்கிலாந்திலிருந்து இருபத்து நான்கு முயல்களை வரவழைத்து, வேட்டையாடும் பொழுதுபோக்குக்காக வளர்த்து வெளியே விட்டவர் இவர்தான். 1867இல் விக்டோரியா மகாராணியின் மகன் இளவரசர் ஆல்ஃபிரட் இங்கே முயல் சுட வந்தார். அப்போது இருந்த வீடு சாதாரணமானது, அந்தச் சங்கடத்தில்தான் மனைவி எலிசபெத் மாளிகை கட்டச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. இளவரசர் வந்தது நிச்சயம், மனைவியின் மனத்தில் என்ன இருந்தது என்பது கதையாகவே இருக்கட்டும். 1869இல் தொடங்கி 1871இல் நாற்பது அறைக்கு மேல் உள்ள கருங்கல் மாளிகை முடிந்தது. அதே வருடம் தாமஸ் இறந்துபோனார். பிறகு எலிசபெத் கொடுத்த 6,000 பவுண்டில் மெல்போர்னில் தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய ஆஸ்டின் மருத்துவமனை. அந்த வளாகத்தில் கருங்கல் லாயம் இன்றும் நிற்கிறது. இளவரசர் வேட்டைக்கு வருகிற வீட்டுக்கு லாயம் என்பது ஆட்டுத் தொழில் சம்பந்தப்பட்டதல்ல. வண்டியை விட்டு இறங்கும் விருந்தாளி முதலில் பார்ப்பதே லாய முற்றத்தைத்தான். அதே காலத்தில் வெரிபி பார்க் என்ற பண்ணையில் சிர்ன்சைட் சகோதரர்கள் ஆட்டு ரோமத்தில் சம்பாதித்துக் குதிரைப் பந்தயத்தில் இறங்கினார்கள். ஆண்ட்ரூ சிர்ன்சைடின் ஹரிகாட் என்ற குதிரை 1874 மெல்போர்ன் கோப்பையை வென்றது. இங்கிலாந்தில் நிலப்பிரபுவுக்கு என்னென்ன அடையாளங்கள் இருந்தனவோ அவற்றை எல்லாம் இங்கே ஆட்டு ரோமப் பணத்தில் கட்டிக்கொண்டார்கள். வேட்டை, பந்தயம், கோச்சு, லாயம்.

கல்லில் கட்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இதை வழிகாட்டிகள் அதிகம் சொல்வதில்லை. தொடக்கத்தில் இந்த நிலம் அவர்களுக்குச் சொந்தமில்லை. அரசு உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டு மேய்க்க மட்டும் அனுமதித்தது. நாளைக்குப் போகச் சொன்னால் போக வேண்டும் என்ற நிலையில் யாரும் கல்லில் கட்ட மாட்டார்கள். மரப்பலகைச் சுவர், பட்டைக் கூரை, அவ்வளவுதான். 1860களில் விக்டோரியாவில் நிலத்தைப் பிரித்துச் சின்ன விவசாயிகளுக்கு விற்கச் சட்டங்கள் வந்தபோது, பெரிய ஆட்டுக்காரர்கள் பல வழிகளில் நல்ல நிலங்களைத் தாங்களே வாங்கிப் பட்டா ஆக்கிக்கொண்டார்கள். பினாமி பெயரில் வாங்கியதும் நடந்தது. பெரும்பாலும் நிலம் சொந்தமான பிறகுதான் கல் வேலை. அதனால் ஒரு பண்ணையில் முதல் கல் கட்டடம் எந்த வருடம் என்று தெரிந்தால், நிலம் எப்போது கைக்கு வந்தது என்று நான் ஊகித்துவிட்டு ஆவணத்தைத் தேடுவேன். ஊகம் பெரும்பாலும் பலிக்கும், எப்போதும் அல்ல. மாளிகைக்கு முன்பே லாயத்தைக் கட்டி முடித்த இடங்களும் உண்டு.

கைதிகள் விஷயம். வருடங்களைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நியூ சவுத் வேல்சுக்குக் கைதிகளை அனுப்புவது 1840இல் நிறுத்தப்பட்டது, டாஸ்மேனியாவுக்கு 1853இல். மேற்கு ஆஸ்திரேலியாவில் மட்டும் 1868 வரை நடந்தது. தெற்கு ஆஸ்திரேலியா கைதிகளே வேண்டாம் என்று தொடங்கிய குடியேற்றம். விக்டோரியாவுக்கு 1840களில் கொஞ்சம் பேர் நிபந்தனை விடுதலையில் வந்தார்கள். ஆகவே 1860, 70களில் விக்டோரியாவில் எழுந்த லாயத்தைக் 'கைதிகள் கட்டியது' என்று சொல்வது ஏறக்குறைய தவறு. கூலிக்கு வந்த கல்தச்சர்கள் கட்டியது. அவர்களில் ஓரிருவர் தண்டனை முடிந்த முன்னாள் கைதிகளாக இருந்திருக்கலாம், அது வேறு. உண்மையிலேயே கைதிகளின் உழைப்பில் எழுந்த பண்ணைக் கட்டடங்களைப் பார்க்க வேண்டும் என்றால் டாஸ்மேனியாவில் லாங்ஃபோர்டு பக்கம் போங்கள். ஆர்ச்சர் குடும்பத்தின் பிரிக்கண்டன், உல்மர்ஸ் என்ற இரண்டு பண்ணைகள் 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததே அந்தக் காரணத்துக்காகத்தான்.

சுவர்ப் பிளவுகளைப் பற்றி உங்கள் வழிகாட்டி சொன்னதை நான் பத்துப் பண்ணைகளிலாவது கேட்டிருக்கிறேன். பெரும்பாலான இடங்களில் அது காற்றுக்கான வழி. முழுக்கக் காயாத புல்லைப் பரணில் அடைத்தால் உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். கீழே குதிரை மூத்திரத்தின் நெடி கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். காற்று வர வேண்டும், மழைச் சாரலும் குளிர்காற்றும் குதிரைமேல் படக் கூடாது. தடித்த கல் சுவரில் வெளியே ஒடுக்கமாகவும் உள்ளே அகலமாகவும் பிளவு விடுவது இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் களஞ்சியங்களில் இருந்து வந்த பழைய முறை. துப்பாக்கிப் பிளவும் உள்ளே அகலமாகத்தான் இருக்கும் என்பதால் வடிவத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அந்தப் பிளவுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்க இடம் இருக்கிறதா, அங்கிருந்து பார்த்தால் வழி தெரிகிறதா என்று பாருங்கள். பரண் உயரத்தில் வரிசையாக, சம இடைவெளியில், உள்முற்றத்தைப் பார்த்தும் இருந்தால் அது காற்றுக்குத்தான். தொடக்க காலத்துத் தனிக் குடிசைகளில் துப்பாக்கிக்கான துளைகள் இருந்ததுண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விக்டோரியாவின் மேற்குப் பகுதியில் பூர்வகுடி மக்களோடு நடந்த மோதல்கள் பெரும்பாலும் 1830, 40களைச் சேர்ந்தவை. கல் லாயங்கள் எழுந்தபோது அந்த மக்களில் மிஞ்சியவர்கள் தங்கள் நிலத்தை இழந்திருந்தார்கள். இந்தக் கதையை நான் வலிந்து மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளையர்கள் முற்றுகைக்குள் பயந்து வாழ்ந்தவர்கள் போல ஒரு சித்திரத்தை அது கொடுக்கிறது. அந்த மோதல்களில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பூர்வகுடிகள். உயிர் தப்பிய பூர்வகுடிகளில் பலர் பிறகு இதே பண்ணைகளில் வெறும் ரேஷனுக்குக் குதிரை பழக்கவும் ஆடு ஓட்டவும் வேலை செய்தார்கள். குதிரை பழக்குவதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள் என்று அன்றைய முதலாளிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் லாயத்தில் குதிரையின் பெயர் எழுதிய பலகை கிடைக்கும், அவர்களின் பெயர் கிடைக்காது.

நம்மூருக்கும் இதில் ஒரு நூல் உண்டு. இந்தப் பண்ணைகளில் வளர்ந்த குதிரைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவின் பிரிட்டிஷ் படைக்கு விற்றார்கள். நியூ சவுத் வேல்சிலிருந்து வந்ததால் அவற்றுக்கு வைத்த 'வேலர்' என்ற பெயரே இந்தியாவில்தான் பிறந்தது. கல்கத்தாவைப் போல மெட்ராசும் அந்தக் குதிரைகளுக்குச் சந்தை. ஓசூர் மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணை இருக்கும் இடம் ஒரு காலத்தில் படைக்குக் குதிரை தயார் செய்த இடம். ஆட்டு ரோமத்துக்கு விலை விழுந்த வருடங்களில் குதிரை விற்ற காசு சில பண்ணைகளைத் தாங்கியிருக்கிறது.

விலை பிறகு பலமாகவே விழுந்தது. 1890களில் பொருளாதார நெருக்கடி, தொடர்ந்து பெரும் வறட்சி, கூடவே ஆஸ்டின் விட்ட முயல்களின் பேரப்பிள்ளைகள் புல்லை எல்லாம் தின்று தீர்த்தன. 1890களின் தொடக்கத்தில் பத்துக் கோடிக்கு மேல் இருந்த ஆஸ்திரேலிய ஆடுகள், வறட்சி முடிந்தபோது ஏறக்குறைய பாதியாகிவிட்டன. தெற்கு ஆஸ்திரேலியாவில் மின்டாரோ அருகே 1880இல் மார்ட்டின்டேல் ஹால் என்ற மாளிகையை, கோச்சு வீடும் போலோ மைதானமுமாகக் கட்டிய எட்மண்ட் போமன் 1891இலேயே அதை விற்க வேண்டியதாயிற்று. அப்புறம் கார் வந்தது. கோச்சு நின்ற இடத்தில் கார் நின்றது, சேண அறை பழைய சாமான் அறை ஆனது.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். உதிர்கிற அந்த வெள்ளை மாவு பெரும்பாலும் உப்பு. ஐம்பது, அறுபது வருடம் குதிரை மூத்திரம் இறங்கிய மண்ணில் நைட்ரேட் உப்புகள் சேர்ந்திருக்கும். நம்மூரில் பழைய தொழுவத்து மண்ணிலிருந்து வெடியுப்பு எடுப்பார்கள் தெரியுமா, அதே சங்கதி. மண்ணின் ஈரம் அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு சுவரில் ஏறுகிறது. மேற்பரப்பில் ஈரம் காய்ந்ததும் உப்பு படிகமாகி, நுண்துளைகளுக்குள் வீங்கி உடைக்கிறது. விக்டோரியாக் கருங்கல் கெட்டியானது, அதற்கு அவ்வளவாக ஒன்றும் ஆகாது. அதன் இடையில் உள்ள சுண்ணாம்புச் சாந்தும், உட்சுவர்ச் செங்கல்லும், அலங்காரத்துக்கு வைத்த மணற்கல்லும்தான் உதிரும். பயந்துபோய் சிமென்ட் பூசுவதுதான் செய்யக் கூடாத காரியம். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், சில வருடத்தில் பூச்சு கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். அப்படி ஒரு லாயத்தில், என்னைக் கூப்பிடுவதற்குள், நூற்று நாற்பது வருடத்துச் செங்கல் தடுப்புகள் முழங்கால் உயரத்துக்குக் கரைந்துபோயிருந்தன. அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. சரியான வழி மெதுவானது. உப்பை உலர்ந்த தூரிகையால் கூட்டி அள்ளி வெளியே கொண்டுபோக வேண்டும், அங்கேயே விட்டால் அடுத்த மழையில் திரும்பக் கரைந்து ஏறும். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. பழைய வடிகால்களைத் திறந்து, கூரைத் தண்ணீரைச் சுவரை விட்டுத் தள்ளி அனுப்பி, ஈரக் களிமண்ணும் காகிதக் கூழும் கலந்து அப்பி உப்பை இழுத்துவிட்டு, சுண்ணாம்புச் சாந்தையே திரும்பப் பூச வேண்டும். அந்தப் பூச்சு சில வருடத்தில் உப்பை வாங்கிக்கொண்டு உதிரும். உதிரட்டும், அது உதிர்வதற்காகப் பூசியதுதான்.

உங்கள் மகள் அந்தப் பக்கம் மறுபடி போனால், வெள்ளைப் பொடி தரையிலிருந்து எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று ஒரு டேப்பை வைத்து அளக்கச் சொல்லுங்கள். சுவரின் அடியில் சாம்பல் நிறத்தில் கெட்டியான பூச்சு இருந்தால் அதையும் படம் எடுத்து இங்கே போடுங்கள்.